உப்பில்லாத ஆறு வாரம்

“பத்துக் கிளாஸ் படிச்சவ சோறாக்கிப் போட்டுத்தான் ஒங்கம்மா காலு வீக்கம் வத்தப் போவுதாக்கும்?”

எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு அத்தை இப்படிக் கேட்டாள். அவள் கையில் ஒரு கிண்ணம், அதன்மேல் கவிழ்த்த தட்டு. உள்ளே நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு என்று திறக்காமலே தெரிந்தது. “இனிமே குழம்பு கொண்டாராதீங்க அத்தே, அம்மாவுக்கு உப்பு ஆகாது, இனி நான்தான் அம்மாவுக்குச் சமைக்கப் போறேன்” என்று நான் சொன்னதற்குத்தான் இந்தப் பதில்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்தில் வரிசையாகப் பத்து வீடுகள். நாலாவது எங்களுடையது, ஐந்தாவது அத்தையுடையது. நடுச்சுவர் கூரைவரை எட்டாது. அவள் மிளகாய் வறுத்தால் நாங்கள் தும்முவோம். லயத்தில் யார் வீட்டில் நல்ல குழம்பு வைத்தாலும் பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் போகும். கிண்ணத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம், இரண்டு பச்சை மிளகாயாவது போட்டுத்தான் கொடுப்போம். கொண்டுவந்த குழம்பை வாங்காமலே திருப்பி அனுப்புவது சண்டைக்குக் கூப்பிடுவது மாதிரி. அத்தை கிண்ணத்தோடு திரும்பிப் போனாள். அதன்பிறகு நாலு வாரம் எங்கள் வாசல்படி ஏறவில்லை.

அன்று காலைதான் நானும் அம்மாவும் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்திருந்தோம். கொழுந்து எடுக்க மலை ஏறும்போது அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. காலையில் எழுந்தால் முகம் உப்பியிருந்தது. கால் கொலுசைக் கழற்ற முடியாமல் சோப்புப் போட்டுக் கழற்றினோம். டாக்டர் மலையாளி. அம்மாவின் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுத்தார். விரல் பதிந்த பள்ளம் அப்படியே நின்றது.

“கிட்னிக்கு க்ஷீணம். அதாணு நீர் இறங்காதது. ஆறு ஆழ்ச்ச உப்பு தொடரது. ஒரு நுள்ளு கூட பாடில்ல. மனசிலாயோ?”

அம்மா தலையை ஆட்டினாள். அவர் என்ன சொன்னாலும் ஆட்டியிருப்பாள். நான் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டேன்: ஆறு வாரத்துக்கு ஒரு சிட்டிகை உப்புகூடக் கூடாது. அவர் மாத்திரைகளும் ஆறு வார லீவும் கொடுத்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். ஆறு வாரம் கழித்தும் பள்ளம் இப்படியே நின்றால், மலையேறி வேலை செய்யத் தகுதியில்லை என்று எழுத வேண்டிவரும்.

எழுதினால் அம்மாவின் பெயர் தோட்டத்து ஆள் பதிவேடான செக்ரோலில் இருந்து போய்விடும். அப்பா ஃபாக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை பார்த்தார், அவர் ஒருவர் சம்பளத்தில் வீடு நடக்காது. அம்மாவின் இடத்துக்கு வீட்டில் வயது வந்த ஒருவர் பேர் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த ஒருவர் நான்தான்.

திரும்பி வரும் வழியில் அம்மா ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

“எங் கூடைய ஒந் தலையில மாட்டுறதுக்கா ஒன்னப் பள்ளிக்கூடம் அனுப்புனேன்? உப்புதான? விட்டுட்டாப் போச்சு” என்றாள்.

எங்கள் குடும்பத்தில், அப்பா வழியிலும் சரி அம்மா வழியிலும் சரி, கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். எழுபத்து மூன்றில் பத்தாம் வகுப்புப் பாஸானேன். அந்தப் பெருமையை மறைக்க எனக்குத் தெரியாது. மறைக்க வேண்டும் என்றும் தோன்றியதில்லை. அடுத்து என்ன படிப்பது என்று முடிவாகாமல் வீட்டில் இருந்த காலம் அது. பள்ளிக்கூடத்தில் சிறுநீரகத்தின் படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, பத்துக்கு ஒன்பது மார்க் வாங்கியவள் நான். உப்பில்லாமல் சமைப்பதா கஷ்டம் என்று நினைத்தேன். புது நோட்டு ஒன்றை எடுத்து முதல் பக்கத்தில் ‘அம்மாவின் உணவு’ என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

முதலில் இரண்டு பானை வைத்தேன், அப்பாவுக்கும் எனக்கும் ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. ஒரு வாரத்திலேயே அது சரிப்படாது என்று தெரிந்துவிட்டது. நாங்கள் கருவாடு பொரித்துச் சாப்பிடும்போது அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து தன் சோற்றைப் பிசைவாள். நாலு வாய்க்கு மேல் இறங்காது. “பசியில்ல” என்பாள். கீரையைக் கடைந்து கொடுத்தேன், பருப்பு வேகவைத்துக் கொடுத்தேன். எல்லாம் அவளுக்கு ஒன்றுதான். வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பாள், விழுங்க மாட்டாள். தோள் எலும்பு தெரிய ஆரம்பித்தது, கால் மட்டும் வற்றவில்லை.

எட்டாம் நாள் காலையில் நான் ஒரே பானை வைத்தேன். அதில் உப்புப் போடவில்லை. ஒரு கொட்டாங்கச்சியில் பொடி உப்பை வைத்து அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தினேன்.

அப்பா ஒரு வாய் எடுத்து வைத்தார். மெல்லுவதை நிறுத்தினார்.

“ஏட்டி, இது சோறா வைக்கோலா?”

“வேணுங்கிற உப்பப் போட்டுப் பெசஞ்சுக்கங்கப்பா.”

“கொழம்புல கொதிச்ச உப்பும் தட்டுல தூவுன உப்பும் ஒண்ணாட்டி?”

“அம்மா அதுவுமில்லாமத் திங்குதுல்ல.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அவள் சுவர் பக்கமிருந்து இந்தப் பக்கம் திரும்பி, சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் சிரிப்பு. அன்று இன்னும் இரண்டு கரண்டி போட்டுக்கொண்டாள்.

சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து அத்தையின் குரல் வந்தது: “என்னண்ணே, ஒமக்கும் பத்தியமா? பிரசவம் ஆயிருச்சா?”

ருசி வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தேன். பூண்டைத் தோலோடு தணலில் சுட்டுப் போட்டேன். நல்லமிளகைக் கருக வறுத்துப் பொடித்தேன். கடைசியில் எல்லாவற்றையும்விடப் புளிதான் கைகொடுத்தது. புளிப்பு கூடினால் உப்பில்லாத குறை தெரியவில்லை. புளி எங்களுக்குக் கடையில் வாங்குவதல்ல. மலைக்குக் கீழே கம்பத்துப் பக்கம் இருக்கும் அம்மாவின் ஊரிலிருந்து சித்திரையில் வரும். வருஷம் முழுக்கப் பரண்மேல் மண்பானையில் இருக்கும். எலுமிச்சை அளவு கரைத்துக்கொண்டிருந்த நான் ஆரஞ்சு அளவு கரைத்தேன். புளிக்குழம்பு வைத்தேன், ரசம் வைத்தேன். மரவள்ளியை, எங்கள் பேச்சில் கப்பைக்கிழங்கை, வேகவைத்து, காந்தாரி மிளகாயும் சின்ன வெங்காயமும் புளியும் வைத்து அரைத்த துவையலைத் தொட்டுக்கொள்ளக் கொடுத்தேன். அம்மா விரலை நக்கினாள்.

அப்பா கொட்டாங்கச்சியின் பக்கம் கையே கொண்டுபோகவில்லை.

“உண்மையச் சொல்லு. உப்புப் போட்டியா?”

“சத்தியமாப் போடலப்பா.”

“போட்ட மாதிரியே இருக்கே!”

எனக்குத் தலைகால் புரியவில்லை. நோட்டில் அன்றைய தேதிக்கு நேரே ‘வெற்றி’ என்று எழுதினேன். ரசத்தில் ஒரு கிண்ணம் எடுத்து, ஸ்டூல் போட்டு ஏறி, சுவருக்கு மேலாக அத்தையிடம் நீட்டினேன். எனக்கும் அவளுக்கும் பேச்சு வார்த்தை இல்லாத நாட்கள் அவை. கிண்ணத்தை மட்டும் வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில், “பரவால்லயே” என்று ஒரு குரல் கேட்டது. கிண்ணம் திரும்பி வந்தபோது அதில் ஒரு முட்டை இருந்தது.

நாலாவது வாரம் மழையில் நனைந்துகொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரின் கட்டைவிரல் அதே இடத்தில் அழுத்தியது. பள்ளம் அப்படியே நின்றது. எனக்கு அது முன்னைவிட ஆழமாகத் தெரிந்தது. டாக்டர் நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தி, “ஒளிச்சு திந்நுன்னுண்டோ?” என்று கேட்டார்.

ஒளித்துத் தின்கிறாளா என்ற அந்தக் கேள்வியை நான் வழி முழுக்க வாய்க்குள் வைத்திருந்தேன். லயத்துக்கு வந்ததும் கேட்டுவிட்டேன்.

“அத்த வீட்டுல என்ன தின்ன?”

“ஒண்ணுமில்லையே.”

“பொய் சொல்லாத. நான் ஒரு கல் உப்பு போடல. அப்பறம் எங்கேயிருந்து வந்துச்சு?”

அம்மா ஈரச் சேலையைக்கூட மாற்றாமல் என்னையே பார்த்தாள். “நீ போட்டதத் தவிர ஒரு பருக்க நான் திங்கல” என்றாள். மத்தியானம் தட்டு வைத்தபோது, “வேண்டாம், திங்காம இருந்தாலாவது வத்துதா பாப்போம்” என்றாள்.

நான் நேரே அத்தை வீட்டுக்குப் போனேன். இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. வாசலில் நின்று, லயம் முழுக்கக் கேட்கும்படி, நீங்கள்தான் அம்மாவுக்குத் திருட்டுத்தனமாகக் கருவாடு கொடுக்கிறீர்கள் என்று கத்தினேன்.

அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

“அன்னைக்கு எங் கிண்ணத்தத் திருப்பி அனுப்புனதுக்கப்பறம் ஒங்க வாசப்படி மிதிச்சேனாட்டி? எங்க மதினி காலு வீங்குனா எனக்குச் சந்தோசமா?” என்றாள். அவள் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, “உள்ள வந்து உக்காரு. என்னென்ன போட்டு ஆக்குத, ஒண்ணு விடாமச் சொல்லு” என்றாள்.

நோட்டு கையில்தான் இருந்தது. வாசித்தேன். அரிசி, கப்பைக்கிழங்கு, பூண்டு, நல்லமிளகு, காந்தாரி மிளகாய், புளி.

“புளி எம்புட்டு?”

“ஆரஞ்சு அளவு.”

“ரெண்டு நாளைக்கா?”

“ஒரு வேளைக்கு.”

அத்தை என்னைப் பார்த்தாள். “எந்தப் புளி? பரண்மேல பானையில இருக்கே, அதா?”

“ஆமா.”

“ஏட்டி படிச்சவளே! அந்தப் பானையில ஒரு அடுக்குப் புளி, ஒரு அடுக்குக் கல்லுப்புன்னு வச்சு அமுக்குனது நாந்தானட்டி! நீ பரிச்சைன்னு வெளக்கப் பொருத்தி வச்சுக்கிட்டு உக்காந்திருந்த. உப்புப் போடலைன்னா இந்த மழைக்குப் புழுல்ல வச்சுரும்!”

வீட்டுக்கு ஓடி, பரணிலிருந்து பானையை இறக்கி, ஒரு துண்டைப் பிய்த்து நாக்கில் வைத்தேன். முதலில் உப்புக் கரித்தது. அப்புறம்தான் புளித்தது. மூன்று வாரமாக இந்தப் பானைக்குள் கையை விட்டிருக்கிறேன். நரநரவென்று கையில் ஒட்டியதைத் தண்ணீரில் அலசிக் குழம்பில்தான் ஊற்றியிருக்கிறேன்.

“ஒனக்குத் தெரியுமாம்மா?”

“எது?”

“இதுல உப்பு இருக்குன்னு.”

அம்மா குழப்பத்தோடு பார்த்தாள். “அது புளிக்கு வச்ச உப்புல்ல? கறிக்கு வச்சதா?”

அந்த லயத்தில் எந்த வீட்டில் கேட்டிருந்தாலும் இதே பதில்தான் கிடைத்திருக்கும். புளி கெடாமல் இருக்க வைத்த உப்பை யாரும் உப்பு என்று நினைப்பதில்லை. பிறந்ததிலிருந்து ஒவ்வொரு சித்திரையிலும் பார்த்த நானும் நினைக்கவில்லை. என் நோட்டில் ஒவ்வொரு நாளும் உப்பு என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று அழகாக எழுதியிருந்தது. ருசி வேண்டும் என்று நான் புளியைக் கூட்டக் கூட்ட, அம்மாவுக்கு உப்பைக் கூட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். எங்கள் வீட்டில் அப்படிக் கேட்டுப் பழக்கமில்லை. வார்த்தை திக்கியது. அவள், “இதுக்கெல்லாம் போயி” என்று முனகிவிட்டு ஊதாங்குழலை எடுத்து அடுப்பை ஊதினாள். பிறகு நிமிர்ந்து, “திட்டுன வாயாலயே போயி ஒங்கத்தையக் கூட்டியா. அவளுக்குத்தான் எந்தப் பானையில என்ன கெடக்குன்னு தெரியும்” என்றாள்.

இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. அத்தை வந்தாள். எங்கள் அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இருந்த சட்டி, ஜாடி, டப்பா எல்லாவற்றையும் முன்னால் வரிசையாக வைக்கச் சொன்னாள். இது எதில் ஊறியது, இது எதைப் போட்டுக் காயவைத்தது என்று அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அடுத்து, புளிப்புக்கு என்ன செய்வது என்று யோசித்தோம். லயத்துக்குப் பின்னால் யாரோ போட்டிருந்த தக்காளிச் செடிகள் காய்த்துக் கிடந்தன. எலுமிச்சை இருந்தது. கடைசி வீட்டில் மாடு வைத்திருந்தார்கள். மூன்று நாள் புளித்த மோர் கிடைத்தது. அந்த மோரில் சுட்ட பூண்டையும் சீரகத்தையும் நசுக்கிப் போட்டு அத்தை ஒரு குழம்பு வைத்தாள். அதை என்னால் இன்றுவரை அதே மாதிரி வைக்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் அத்தை மறுபடியும் வாசலில் நின்றாள். கையில் கிண்ணம், மேலே கவிழ்த்த தட்டு. நான் வாயைத் திறப்பதற்குள், “பதறாத மருமவளே. உப்புப் போடுறதுக்கு முந்தி ஒரு கரண்டி மோந்து தனியா வச்சுட்டேன். இது எங்க மதினி பங்கு” என்றாள்.

எனக்கு அது தோன்றவே இல்லை. உப்பு எல்லாக் குழம்புக்கும் ஏதோ ஒரு நேரத்தில்தான் போடுகிறோம். அதற்கு ஒரு நிமிஷம் முன்னால் எடுத்துவிட்டால் போதும். அத்தை அதை லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள். மூன்றாவது வீட்டிலிருந்து கத்திரிக்காய் வந்தது, எட்டாவது வீட்டிலிருந்து மொச்சை வந்தது. “உப்புப் போடலேல்ல?” என்று நான் கேட்டால், “கிழிஞ்சது போ. ஒந் தொந்தரவு தாங்காம எங்க வீட்டுக் கொழம்புக்கே போட மறந்துட்டேன், எம் புருசன் கத்துறாரு” என்று பதில் வரும். கிண்ணங்களில் பச்சை மிளகாயும் தக்காளியும் போட்டுத் திருப்பிக் கொடுத்தோம். அம்மா எங்களோடு வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டாள். நாலு கிண்ணத்தை எதிரில் வைத்துக்கொண்டு எதை முதலில் எடுப்பது என்று யோசிக்கும் அம்மாவை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஆறாவது வாரம் முடிந்த அன்று அத்தையும் எங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். டாக்டர் அழுத்தினார். பள்ளம் விழுந்தது. மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மெல்ல மெல்ல, நாங்கள் பார்க்கும்போதே, தோல் மேலே வந்து சமமானது.

“கொள்ளாம்” என்று மெச்சினார் டாக்டர். இன்னும் சரியாகவில்லை, ஆனால் சரியாகிவருகிறது என்றார். ஒரு மாதம் நர்சரியில் நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றும் லேசான வேலை, அதன்பிறகு கொழுந்துக்குப் போகலாம் என்று எழுதினார். உப்பைத் தொடர்ந்து விலக்க வேண்டும். அத்தை வெளியே வந்ததும் அம்மாவின் காலைத் தானும் ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டாள்.

புளிப் பானையின் கதையை நான் டாக்டரிடம் சொன்னேன். என் தவறையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. இத்தனை வருஷமாக எத்தனை பேரிடம் உப்பை விடச் சொல்லியிருக்கிறேன், ஒருத்தர்கூட இதைச் சொன்னதில்லையே என்றார். எல்லோரும் தலையை ஆட்டிவிட்டுத்தான் போனார்கள். புதன்கிழமைகளில் பத்தியம் கேட்க வரும் பெண்களோடு வந்து உட்கார்ந்து பேச முடியுமா என்று என்னிடம் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உண்மையில் யோசிக்க ஒன்றுமில்லை. கேட்டவுடனே சரி என்று சொல்வது கௌரவமில்லை என்று தோன்றியது, அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்து அம்மா மறுபடியும் கொழுந்துக்குப் போனாள். கூடை அவள் முதுகில்தான் இருந்தது. நான் அதற்கு முன்பே, டாக்டர் கேட்ட அடுத்த புதன்கிழமையே ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தேன். முதலில் வந்தவள் தோட்டத்தின் மேல் டிவிஷனில் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டுபவரின் மனைவி.

“எனக்குச் சக்கர வியாதியாம் தாயி. சீனி போடக் கூடாதுன்னாரு. நான் சீனியத் தொட்டதே இல்லையே!”

“அப்ப சாயாவுக்கு என்ன போடுவீக?”

“கருப்பட்டிதான்.”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்குச் சர்க்கரை வியாதியைப் பற்றி அதிகம் தெரியாது, டாக்டரிடம் கேட்டுக் கேட்டுத்தான் சொல்வேன் என்று அவளிடம் சொன்னேன். உள்ளே போய்க் கேட்டு, அவர் சொன்னதைத் தமிழில் எழுதிக்கொண்டு வந்தேன்.

“ஒங்க அடுப்படிய ஒரு தடவ பாக்கணுமே அக்கா.”

“இப்பவா? எங்க டிவிஷனுக்குப் போற ஜீப்பு பொறப்படப் போவுதே. வந்தா நாளைக்குக் காலையிலதான திரும்ப முடியும்?”

“பரவால்ல” என்றேன். வீட்டுக்குத் தகவல் சொல்லும்படி கம்பவுண்டரிடம் கேட்டுக்கொண்டு, அவள் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தேன்.